கோடு போடும் முன் வரைபடத்தைக் காட்டுங்கள்

தொகுதி மறுவரையறை என்றதும் 'நமக்கு எத்தனை இடம்?' என்று கேட்கிறோம். எந்தத் தெரு எந்தத் தொகுதிக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் எல்லை விவரம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அதை யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்பதில்லை. அமெரிக்கா அதற்கென 1975இலேயே ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டம் சாதித்ததும் தோற்றதும் நமக்கு இப்போது தெரிந்தாக வேண்டும்.

2018 ஜனவரி 4ஆம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் தேர்தல் வாரியத்தார் கூடினார்கள். இரண்டு வேட்பாளர்களின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஃபிலிம் சுருள் டப்பிகளில் அடைத்து, ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார்கள். நியூபோர்ட் நியூஸ் நகரப் பகுதியான 94ஆவது சட்டமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியும் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸும் ஆளுக்கு 11,608 வாக்கு பெற்றிருந்தார்கள். குலுக்கலில் யான்சியின் பெயர் வந்தது. 100 பேர் கொண்ட அவையில் அவருடைய கட்சிக்கு 51, எதிர்த்தரப்புக்கு 49. ஒரு மாநில அவையின் பெரும்பான்மையைச் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்தது.

நான்கு மாதம் கழித்து வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. 94ஆவது தொகுதிக்குள் குடியிருந்த 26 வாக்காளர்களின் முகவரி பக்கத்துத் தொகுதியில் பதிவாகியிருந்தது. அவர்கள் வாக்களித்தார்கள், ஆனால் வேறு தொகுதியின் வாக்குச்சீட்டில். சரிசமமாக முடிந்த ஒரு போட்டியில் 26 வாக்கு என்பது சின்ன விஷயம் அல்ல. அதே தேர்தலில், அதே மாநிலத்தின் ஃபிரெடரிக்ஸ்பர்க் வட்டாரத்தில், 28ஆவது தொகுதியை ஒட்டி 147 பேருக்குத் தவறான வாக்குச்சீட்டு தரப்பட்டது. அங்கே வெற்றி வித்தியாசம் 73.

இதில் யாரும் கள்ள வாக்குப் போடவில்லை. எந்த இயந்திரத்தையும் யாரும் உடைக்கவில்லை. கோட்டைப் போட்டது சட்டமன்றம். எந்த வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம், எந்த வீடு அந்தப் பக்கம் என்று வாக்காளர் பட்டியலில் எழுதியது உள்ளூர்ப் பதிவாளர் அலுவலகம். இரண்டு அலுவலகங்களின் ஆவணங்களும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஜனநாயகம் பழுதாக அது போதுமானதாக இருந்தது.

ஏன் வந்தது 1975 சட்டம்?

அமெரிக்காவில் 1960கள் வரை பல மாநிலங்கள் தொகுதி எல்லைகளைத் தொடவே இல்லை. டென்னசி மாநிலம் 1901க்குப் பிறகு கோட்டை மாற்றவில்லை. கிராமங்கள் காலியாகி நகரங்கள் நிரம்பின. தொகுதிகள் மட்டும் பழையபடி இருந்தன. அலபாமாவில் சுமார் 15,000 பேர் வாழ்ந்த லவுண்டஸ் மாவட்டத்துக்கும் ஒரு செனட்டர். 6 லட்சத்துக்கு மேல் வாழ்ந்த ஜெஃபர்சன் மாவட்டத்துக்கும் ஒரே செனட்டர். 1962இல் வந்த பேக்கர் எதிர் கார் தீர்ப்பு, இந்த அநியாயத்தை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. 1964இல் வந்த ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பு, சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் சமமாகப் பிரிக்க வேண்டுமானால் ஒவ்வொரு சிறு பகுதியிலும் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே? மாநிலங்கள் தொகுதிகளைக் கட்டுவது வாக்குச்சாவடிப் பகுதிகளை வைத்து. மத்திய அரசின் சென்சஸ் துறை எண்ணுவதோ 'பிளாக்' எனப்படும் தன்னுடைய கட்டங்களை வைத்து. இரண்டின் எல்லையும் பொருந்தவில்லை. 1970 கணக்கெடுப்புக்குப் பிறகு கோடு போட உட்கார்ந்த மாநிலங்கள் பாதித் தெருவின் மக்கள்தொகையை உத்தேசமாகக் கணக்கிட வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் 1975 டிசம்பர் 23 அன்று பொதுச்சட்டம் 94-171 வந்தது. சிறிய சட்டம்தான், ஆனால் அதில் மூன்று தெளிவான கட்டளைகள் இருக்கின்றன. எந்தெந்தச் சிறு பகுதிகளுக்கு மக்கள்தொகை எண்ணிக்கை வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பை, கணக்கெடுப்புக்கு முன்பே மாநிலங்களுக்குத் தர வேண்டும். அதற்கான விதிமுறைகள் கட்சிச் சார்பு இல்லாமல் வகுக்கப்பட வேண்டும். கணக்கெடுப்பு நாளிலிருந்து ஓராண்டுக்குள் எண்ணிக்கை மாநிலங்களின் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.

நடைமுறையில் இந்தத் தரவு ஆளுநருக்கும், சட்டமன்றத்தின் இரு கட்சித் தலைவர்களுக்கும் போகிறது. பொதுமக்களும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆளுங்கட்சிக்கு முன்கூட்டியே ஒரு பிரதி, எதிர்க்கட்சிக்குப் பிறகு ஒரு பிரதி என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு வரைபடங்கள் கைகோக்கும் விதம்

இந்த ஏற்பாட்டுக்கு 'மறுவரையறைத் தரவுத் திட்டம்' என்று பெயர். கணக்கெடுப்புக்கு ஐந்து ஆண்டு முன்பே வேலை தொடங்கிவிடும். 2020 கணக்கெடுப்புக்கான முதல் கட்டம் 2015இல் ஆரம்பமானது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்கிறது. சென்சஸ் துறை தன்னிடமுள்ள டிஜிட்டல் வரைபடத்தை அவரிடம் கொடுக்கிறது. அவர் தன் மாநிலத்தின் மாவட்டத் தேர்தல் அலுவலகங்களோடு பேசி, 'இந்தத் தெருவை பிளாக் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஓடையை எல்லையாக எடுக்காதீர்கள்' என்று பரிந்துரை அனுப்புகிறார்.

சென்சஸ் துறை எல்லையாகப் பெரும்பாலும் விரும்புவது கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை: சாலை, ஆறு, ரயில் பாதை. கணக்கெடுக்கப் போகிறவர் தரையில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? வாக்குச்சாவடி எல்லைகளோ பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள். இரண்டு வீட்டின் கொல்லைகளுக்கு நடுவே போகும்; என்றைக்கோ மாறிப்போன நகராட்சி எல்லையைப் பின்பற்றும். முதல் கட்டத்தின் உழைப்பு முழுவதும் இந்த இரண்டையும் இயன்றவரை ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதில்தான் செல்கிறது.

இரண்டாம் கட்டத்தில் மாநிலங்கள் தங்கள் வாக்குச்சாவடிப் பகுதிகளின் எல்லைகளையே சென்சஸ் துறைக்கு அனுப்புகின்றன. துறை அவற்றைத் தன் வரைபடத்தில் ஏற்றி, 'நாங்கள் பதிந்திருப்பது சரிதானா?' என்று திருப்பிக் காட்டுகிறது. மாநிலம் திருத்தம் சொல்கிறது. மறுபடி சரிபார்ப்பு. இதன் பிறகுதான் கணக்கெடுப்பு. முடிவு வெளியாகும்போது, ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியிலும் எத்தனை பேர், அவர்களில் 18 வயது நிரம்பியவர்கள் எத்தனை பேர், இனவாரியாக எத்தனை பேர் என்ற அட்டவணை தயாராக இருக்கும். பங்கேற்பது மாநிலத்தின் விருப்பம். கட்டாயம் எதுவும் இல்லை.

2020 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாக்குகள் இருந்தன. கொரோனா காரணமாகத் தரவு தாமதப்பட்டது. 2021 மார்ச் இறுதிக்குள் வர வேண்டியது ஆகஸ்ட் 12ஆம் தேதிதான் வந்தது. ஒஹாயோவும் அலபாமாவும் வழக்குத் தொடுத்தன. கலிஃபோர்னியாவில் மாநில உச்ச நீதிமன்றம் காலக்கெடுவை நீட்டித்துத் தந்தது. சட்டத்தில் தேதி எழுதியிருந்ததால்தான் வழக்குப் போட முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தேதியே இல்லாத இடத்தில் தாமதத்தைக் கேள்வி கேட்பது எப்படி?

எண்ணுவதிலேயே ஒளிந்திருக்கும் அரசியல்

எல்லைகள் பொருந்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. எண்ணிக்கையில் யாரை எங்கே சேர்ப்பது என்பதும் கோட்டின் நியாயத்தை மாற்றும். அயோவா மாநிலத்தில் அனமோசா என்ற சிற்றூர். அதன் ஒரு வார்டில் பெரிய சிறைச்சாலை. சென்சஸ் விதிப்படி கைதிகள் சிறை இருக்கும் இடத்திலேயே எண்ணப்பட்டார்கள். வார்டின் மக்கள்தொகையில் பெரும்பகுதி கைதிகள். அவர்களுக்கு வாக்கு கிடையாது. 2005இல் அந்த வார்டில் வேட்பாளராக யாரும் பெயர் கொடுக்கவில்லை. வாக்குச்சீட்டில் கையால் பெயர் எழுதிப் போட்ட இரண்டே வாக்குகளில் ஒருவர் நகரமன்ற உறுப்பினரானார். மற்ற வார்டுகளில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து பெறும் பிரதிநிதித்துவத்தை அங்கே சில டஜன் குடிமக்கள் பெற்றார்கள்.

இந்தக் கேலிக்கூத்து வெளியே தெரிந்தது, சிறு பகுதிவாரியான எண்ணிக்கை பொதுவில் கிடைத்ததால்தான். அனமோசா தன் தேர்தல் முறையை மாற்றிக்கொண்டது. 2010இல் மேரிலாந்தும் நியூயார்க்கும், கைதிகளை அவர்களின் சொந்த ஊர்க் கணக்கில் சேர்த்துத் தொகுதி வரைய வேண்டும் என்று சட்டம் இயற்றின. பிறகு வேறு மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன.

மறுபக்கத்தில் தனிமனித ரகசியம் என்ற கேள்வி. ஒரு பிளாக்கில் மூன்றே வீடு இருந்தால், அட்டவணையைப் பார்த்து யார் வீட்டில் எத்தனை பேர் என்று ஊகித்துவிடலாம். அமெரிக்கச் சட்டம் தனிமனித விவரங்களை 72 ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கச் சொல்கிறது. அதனால் 2020இல் சென்சஸ் துறை, மாநில மொத்தத்தைத் தொடாமல், கீழ்மட்ட எண்களில் திட்டமிட்டே சிறு மாற்றங்களைக் கலந்து வெளியிட்டது. ஆய்வாளர்களில் ஒரு சாரார் இதை வரவேற்றார்கள். ஒரு சாரார் சிறுபான்மையினர் வாழும் சிறு பகுதிகளின் எண்ணிக்கை பிழைபடும் என்று எதிர்த்தார்கள். அந்த வாதம் ஓயவில்லை. ஆனால் அது பொதுவெளியில் நடக்கிறது.

தரவு திறந்திருக்கிறது, கோடு போடும் கை?

இவ்வளவு செய்த நாட்டில் தொகுதி எல்லைகள் நேர்மையாக இருக்கின்றனவா என்றால், பல மாநிலங்களில் இல்லை. காரணம், கோடு போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள்.

சென்சஸ் துறைக்கு எந்தப் பகுதி யாருக்கு வாக்களித்தது என்பது தெரியாது. அது மாநிலத் தேர்தல் அலுவலகங்களில் வாக்குச்சாவடிவாரியாக இருக்கிறது. எல்லை ஒன்றாகிவிட்டால் இரண்டு அட்டவணைகளையும் ஒட்டிவிடலாம்: இந்தத் தெருக்களில் இத்தனை பேர், அவர்கள் கடந்த தேர்தலில் இப்படி வாக்களித்தார்கள். கணினியில் ஏற்றினால், எந்தத் தெருவை எந்தத் தொகுதியில் தள்ளினால் யாருக்கு லாபம் என்பது நொடியில் தெரியும். விஸ்கான்சினில் 2011இல் இப்படித்தான் ஒரு சட்ட நிறுவனத்தின் அறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் வரைபடம் தயாரானது. பார்க்க வந்த உறுப்பினர்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2012 தேர்தலில் மாநில அளவில் பாதிக்கும் குறைவான வாக்குப் பெற்ற குடியரசுக் கட்சி, 99 இடங்களில் 60ஐப் பிடித்தது.

2019இல் ரூச்சோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கட்சி லாபத்துக்காகக் கோடு வளைப்பதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று கைவிரித்தது. அதன் விளைவை 2025இல் கண்டோம். டெக்சாஸ் மாநிலம், பத்தாண்டு முடியும் வரை காத்திராமல், 2020இன் பழைய எண்ணிக்கையை வைத்தே ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத் தொகுதிகளைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றி வரைந்தது. பதிலடியாக, குடிமக்கள் ஆணையத்தின் மூலம் கோடு போட்டு நல்ல பெயர் வாங்கியிருந்த கலிஃபோர்னியா, நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தை 2030 வரை ஓரங்கட்டியது. ஒருவர் செய்த தவறு மற்றவருக்கு நியாயமாகிவிட்டது.

அப்படியானால் திறந்த தரவினால் என்ன பயன்? இரண்டு சம்பவங்கள் பதில் சொல்லும்.

பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் நகரில் அமாண்டா ஹோல்ட் என்ற பியானோ ஆசிரியை இருந்தார். 2011இல் அரசு வெளியிட்ட மாநிலத் தொகுதி வரைபடம் ஊர்களை வேண்டாத இடங்களில் துண்டு போடுவதாக அவருக்குப் பட்டது. பொதுவில் கிடைத்த வாக்குச்சாவடிவாரி எண்ணிக்கையை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து, ஊர்களைக் குறைவாகப் பிரிக்கும் மாற்று வரைபடம் ஒன்றைத் தானே வரைந்து நீதிமன்றம் போனார். 2012 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அரசின் வரைபடத்தைத் தள்ளுபடி செய்தது. இதைவிடக் குறைவாகப் பிரித்து வரைய முடியாது என்ற வாதத்தை, ஒரு தனிக் குடிமகள் வரைந்து காட்டிய வரைபடம் உடைத்தது.

இரண்டாவது அலபாமா. நான்கில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர் வாழும் மாநிலத்தில், ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. வழக்கு வந்தபோது, கணித அறிஞர்கள் சென்சஸ் துறையின் அதே பொதுத் தரவைக் கொண்டு மாற்று வரைபடங்களை உருவாக்கிக் காட்டினார்கள். 2023 ஜூனில் ஆலன் எதிர் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் நின்றது. 2024 தேர்தலில், நீதிமன்றம் உருவாக்கிய புதிய வரைபடத்தின்படி, இரண்டாவது தொகுதியிலும் கறுப்பின வாக்காளர்களின் விருப்பம் வென்றது.

திறந்த தரவு அநியாயத்தைத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அநியாயம் நடந்தால் அதை நிரூபிக்கும் ஆயுதத்தைக் குடிமகன் கையில் தரும். அது இல்லையென்றால் குறை சொல்லலாமே தவிர, நிரூபிக்க முடியாது.

நம்மிடம் ஆணையம் உண்டு, வரைபடம் இல்லை

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறு. இங்கே கோடு போடுவது கட்சிகள் அல்ல. 1952, 1963, 1973, 2002 என நான்கு முறை நாடு முழுவதற்குமான தொகுதி மறுவரையறை ஆணையம் அமைக்கப்பட்டது. அவற்றில் கடைசி ஆணையத்துக்கு நீதிபதி குல்தீப் சிங் தலைவர். தேர்தல் ஆணையத்தின் பிரதிநிதியும் மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் மாநிலத்துக்குப் பத்துப் பேர் வரை இணை உறுப்பினர்களாக உட்காரலாம். ஆனால் வாக்கும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அமெரிக்கச் சீர்திருத்தவாதிகள் ஏங்கும் ஏற்பாடு இது.

ஆனால் அந்த ஆணையம் எதை வைத்துக் கோடு போடுகிறது? கிராமவாரியாக, வார்டுவாரியாக மக்கள்தொகை, பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கையைக் கணக்கெடுப்புத் துறை தருகிறது. நிர்வாக எல்லைகளை மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் தருகின்றன. இறுதி ஆணை வெளியாகும்போது குடிமகனுக்குக் கிடைப்பது இன்ன பிர்கா, இன்ன ஊராட்சி, இன்ன வார்டு என்ற பெயர்ப் பட்டியல். கணினியில் திறந்து அளந்து பார்க்கத்தக்க எல்லைக் கோப்பு அதோடு வருவதில்லை. சட்டமன்றத் தொகுதிகளின் டிஜிட்டல் எல்லையைத் தன்னார்வலர்கள் தாங்களாகவே வரைந்து தொகுக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு வரைபடங்களும் நம் ஊரில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் மாவட்டத்தில் அவரே முதன்மை அலுவலர். தாசில்தார் அலுவலகத்தில் வாக்காளர் பட்டியல் வேலையும் நடக்கிறது, கணக்கெடுப்பு வேலையும் நடக்கிறது. வீடு வீடாகப் போகிறவர்களும் பெரும்பாலும் அதே ஆசிரியர்கள், அதே அங்கன்வாடி ஊழியர்கள். ஆனாலும் கணக்கெடுப்புத் துறை வகுக்கும் கட்டத்தின் எல்லை ஒன்று, வாக்காளர் பட்டியலின் பாகத்தின் எல்லை வேறொன்று. ஒரு வாக்குச்சாவடிப் பகுதியில் மொத்தம் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அரசு வெளியிடும் எந்த அட்டவணையிலும் பார்க்க முடியாது.

வாக்குச்சாவடிவாரி முடிவுகள் மட்டும் படிவம் 20இல் வெளியாகின்றன. எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்று கட்சிகளின் பூத் கமிட்டிகளுக்கு அத்துப்படி. ஆக, கோட்டினால் லாப நஷ்டம் அடையப்போகிற கட்சிகளிடம் விவரம் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் வாழப்போகிற குடிமகனிடம் இல்லை.

அசாமும் புதுக்கோட்டையும்

எல்லை விவரம் எவ்வளவு கூர்மையான அரசியல் என்பதற்கு அசாம் சாட்சி. அங்கே மறுவரையறைக்காக 2023 ஜனவரி 1 முதல் நிர்வாக எல்லைகளை மாற்றக் கூடாது என்று தேர்தல் ஆணையம் அறிவித்திருந்தது. அதற்கு முதல் நாள், 2022 டிசம்பர் 31 அன்று, மாநில அரசு பிஸ்வநாத், ஹோஜாய், பஜாலி, தமுல்பூர் ஆகிய நான்கு மாவட்டங்களை அவை பிரிந்துவந்த தாய் மாவட்டங்களோடு சேர்த்துவிட்டது. 2023 ஆகஸ்ட்டில் தொகுதிகள் இறுதியானதும் அந்த மாவட்டங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2011 கணக்கெடுப்பு கையில் இருக்க, 2001 எண்ணிக்கையே அங்கே பயன்படுத்தப்பட்டது. மாவட்ட வாரியாகத் தொகுதிகளை ஒதுக்கும் முறையில், மாவட்டத்தின் எல்லை மாறினால் தொகுதிக் கணக்கும் மாறும். கோடு போடும் கை நடுநிலையாக இருந்தாலும், அதன் முன்னால் வைக்கப்படும் வரைபடம் கடைசி நாளில் மாறலாம் என்றால் அந்த நடுநிலைக்கு என்ன மதிப்பு?

தமிழ்நாட்டுக்கு 2008 மறுவரையறையில் என்ன நடந்தது என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களிடம் கேளுங்கள். புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி என்ற பெயரே மறைந்தது. அந்த மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. ஒரு மாவட்டம், நான்கு எம்.பி.க்கள், எவருக்கும் அது தலைமை ஊர் அல்ல. பழனி, சிவகாசி, திருச்செந்தூர், பெரியகுளம், கோபிசெட்டிப்பாளையம் என்ற பெயர்களும் நாடாளுமன்றப் பட்டியலிலிருந்து போயின. மாநிலத்தின் மொத்த இடம் 39 என்பது அப்படியே இருந்தது. எண்ணிக்கை மாறாமலேயே ஒரு மாவட்டத்தின் குரலைக் கலைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

அதற்குப் பிறகு வரைபடம் இன்னும் மாறிவிட்டது. 2019லும் 2020லுமாகக் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை என ஆறு புது மாவட்டங்கள் உதயமாயின. 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். சென்னைத் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஓர் எம்.எல்.ஏ. அடுத்த மறுவரையறை எப்போது வந்தாலும், எவ்வளவு இடம் கிடைத்தாலும், இந்தக் கோடுகள் அனைத்தும் கலையும்.

எண்ணுக்கு முன்னால் எல்லை

1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் இட எண்ணிக்கையை உறைய வைத்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று நடந்த மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்ற கோரிக்கையோடு 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடினார்கள். நியாயமான கோரிக்கை, அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தக் கோரிக்கையின் வெளிச்சத்தில் மற்றொன்று மறைந்துபோகிறது. இட எண்ணிக்கையை நாடாளுமன்றம் விவாதித்து முடிவு செய்யும், நாடே பார்க்கும். எல்லைக் கோடோ அலுவலக மேசையில் விழும்.

விழுந்த பிறகு அதை அசைப்பது கடினம். அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவும் மறுவரையறைச் சட்டமும் ஆணையத்தின் உத்தரவை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்குத் தடை போடுகின்றன. 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. 2024இல் கிஷோர்சந்திர ராத்தோட் வழக்கில், உத்தரவு வெளிப்படையாகவே தன்னிச்சையானது என்றால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று கதவைச் சற்றே திறந்தது. தன்னிச்சையானது என்று நிரூபிக்கவும் தரவுதான் வேண்டும்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு, நாட்டின் முதல் டிஜிட்டல் கணக்கெடுப்பு என்று அறிவிக்கப்பட்டது. அதற்கான நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31ஓடு உறைய வைக்கப்பட்டன. டிஜிட்டலாக வரையப்படும் கட்டத்தை வாக்குச்சாவடிப் பாகத்தோடு பொருத்த முன்பு தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இனி அந்தச் சாக்கு செல்லாது.

எனவே நான்கு காரியங்கள் நடக்க வேண்டும். கணக்கெடுப்புத் துறையும் தேர்தல் ஆணையமும் எழுத்துபூர்வமான உடன்பாடு செய்துகொண்டு, எந்தக் கணக்கெடுப்புக் கட்டம் எந்த வாக்குச்சாவடிப் பாகத்தில் அடங்குகிறது என்ற பொருத்தப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலும் எல்லைக் கோப்புகளும் கட்சிகளுக்கும் ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒரே நாளில், ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் கணினியில் கையாளத்தக்க வடிவில் வெளியாக வேண்டும். மிகச் சிறிய கட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் தனிமனித ரகசியம் காக்கச் சேர்த்துத் தரலாம். எல்லை உறைவதற்கு முந்தைய ஓராண்டில் மாநில அரசுகள் செய்த ஒவ்வொரு மாவட்ட, வட்ட, ஊராட்சி மாற்றமும் காரணத்தோடு அறிவிக்கப்பட வேண்டும். வரைவு வெளியாகும்போது வரைபடமும் கூடவே வர வேண்டும். அதைப் படித்து ஆட்சேபம் எழுதத் தமிழிலும் போதிய நாட்களிலும் வாய்ப்புத் தர வேண்டும். நான்கையும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். சுற்றறிக்கையில் எழுதினால் இன்னொரு சுற்றறிக்கை அதை அழித்துவிடும்.

அமெரிக்கா தரவைத் திறந்துவைத்து, கையைக் கட்டத் தவறியது. நாம் கையைக் கட்டிவிட்டு, தரவைப் பூட்டி வைத்திருக்கிறோம். நடுநிலையான ஆணையம், திறந்த வரைபடம் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் எந்தக் கட்சிக்காரரும் தோல்விக்குக் கோட்டைக் காரணம் காட்ட முடியாது. எந்தக் குடிமகனும் வெற்றியைச் சந்தேகிக்கவும் மாட்டார்.

அரசு இதைத் தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதே உங்கள் வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தை எடுத்துப் பாக எண்ணையும், அதில் அடங்கும் தெருக்களையும் பாருங்கள். விடுபட்ட தெரு இருந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். கிராமசபை கூடும்போது எல்லைக் கோப்பை வெளியிடக் கோரித் தீர்மானம் போடுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் 'எத்தனை இடம் வாங்கித் தருவீர்கள்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எங்கள் ஊர் எந்தத் தொகுதிக்குப் போகும், அதை எந்த வரைபடத்தை வைத்து முடிவு செய்வார்கள்?' என்றும் கேளுங்கள். ஆட்சேபம் சொல்லச் சட்டம் நமக்குத் தருவது வரைவுக்கும் இறுதி ஆணைக்கும் இடைப்பட்ட சில வாரங்கள் மட்டுமே. அந்த வாரங்களில் பேச, இன்றே தயாராக வேண்டும்.